ஜப்பான் ஓட்டல்ல ஆறிப்போன சோறு

அந்தத் தட்டு இன்னும் என்ர கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க. கருப்புத் தட்டு, நீளவாக்குல, படகாட்ட. ஒரு பக்கம் வெள்ளச் சோறு. இன்னொரு பக்கம் கட்டியா, பளபளன்னு, சாணி போட்டு மெழுகுன வாசலாட்ட ஒரு கொழம்பு. ரண்டுக்கும் நடுவால, பங்காளிக ரண்டு பேரு காட்டப் பிரிச்சுக் கல்லு நட்ட மாதர நேரா ஒரு கோடு. மேல ஒரு பொரிச்ச கோழித் துண்டு. கோயமுத்தூருல, நல்ல மத்தியான நேரத்துல, ஏசி போட்ட ஒரு ஜப்பான் ஓட்டல்ல, அந்த மாதர நாலு தட்டு ஒண்ணாக் கொண்டாந்து வெச்சாங்க. வெச்ச நிமிசத்துல எங்கம்மா மூஞ்சியில ரத்தம் வத்திருச்சு. எதுத்தாப்புல உக்காந்திருந்த பெரியவரு கையக் கட்டிக்கிட்டாரு. எங்க சித்தப்பா தட்டையே பாத்துட்டு இருந்தாரு. சோத்தப் பாத்து மனுசரு அப்பிடி அரண்டு போறத நான் அன்னைக்குத்தானுங்க பாத்தேன்.

ஏன் அரண்டாங்கன்னு வெளங்கோணும்னா சித்தப்பாவப் பத்தி மொதல்ல சொல்லோணும். எங்கப்பாவுக்கு நேர் எளையவரு. எங்களுக்குச் சூலூருக்குப் பக்கத்துல தறிக்குடோன், பன்னண்டு விசைத்தறி ஓடும். நூலு வாங்கறது, துணி அனுப்பறதுன்னு வெளி வேலையெல்லாம் எங்கப்பா பாத்துக்குவாரு. உள்ளால தறி ஓட்டறது சித்தப்பா. பதினேழு வயசுல உள்ள போனவரு, அன்னைக்கு முப்பத்தொம்போது ஆகியும் வெளிய வரல. தலையில, புருவத்துல, மீசையில எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு நா தலைக்குக் குளிச்சுட்டு வந்து நின்னாரு. ‘ஏம்மா, நம்மூட்டுக்கு யாரோ ஒறம்பரை வந்திருக்காங்க, காப்பி குடு’ன்னு சொன்னேன். சிரிச்சாரு. என்ன சொன்னாலும் சிரிப்பாரு. பத்தாவதுல ரண்டு பாடத்துல பெயிலாப் போயி நான் குடோனுக்கு வந்து சேந்தப்ப எங்கப்பா ஒரு வாரம் என்ர மூஞ்சியில முழிக்கல. சித்தப்பாதான் ஒரு ஸ்டூலத் தறிக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டு, ‘உக்காரு கண்ணு, இங்க பரிச்சை கெடையாது’ன்னாரு.

தறிக்குடோனுக்குள்ள போனவியளுக்குத் தெரியும், அங்க காதுக்கு வேலையில்ல. வாயசைக்கறதப் பாத்துத்தான் பேச்சு. சித்தப்பா நிக்கற எடத்துக்கு எடது பக்கம், செவுத்தோரமா, ரண்டு பழைய தறி. அது அடிக்கற அடியெல்லாம் நேரா எடது காதுக்குள்ள போகும். அந்தக் காது எப்பப் போச்சுன்னு அவருக்கே தெரியல. ஒரு நா செல்போன எடது காதுல வெச்சுட்டு, ‘லைன் செத்துப்போச்சு, லைன் செத்துப்போச்சு’ன்னு கத்திட்டே இருந்தாரு. எங்கம்மா போன வாங்கி வலது காதுல வெச்சுது. லைனு வந்துருச்சு. அப்பிடித்தான் ஊட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சுது. டாக்டரு பாத்துட்டு, இனி அது வராது, இன்னொண்ணையாச்சும் காப்பாத்துங்கன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்பறம் வலது காதுல பஞ்சு வெச்சுட்டு வேல செய்வாரு.

இனி அந்த வழக்கத்தச் சொல்றேன். எங்க பக்கம் பொண்ணு பாக்கப் போனா காப்பி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், கேசரி தின்னலாம், தட்டு நெறைய முறுக்க வெச்சா அதையும் நொறுக்கலாம். சோத்துல மட்டும் கை வெக்கக் கூடாது. ரண்டு பக்கத்தாரும் ஒண்ணா உக்காந்து சோறும் கொழம்பும் உண்டாச்சுன்னா சம்மந்தம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அதுக்கப்பறம் மாத்திப் பேசறவன் ஊருக்குள்ள தல நிமுந்து நடக்க முடியாது. அதனால மனசுல புடிக்கலீன்னா எவ்வளவு பசியா இருந்தாலும், ‘இன்னொரு நாளைக்கு வாரமுங்க’ன்னு எந்திரிச்சுருவாங்க. அந்த இன்னொரு நா வரவே வராது. சித்தப்பா அப்பிடி இருவது ஊட்டுக்கு மேல காப்பி குடிச்சவரு. முப்பத்தஞ்சு தாண்டுன தறிக்காரனுக்குப் பொண்ணு குடுக்க இப்ப யாரு இருக்கறாங்க சொல்லுங்க.

ஒரே ஒரு எடம் சோறு வரைக்கும் வந்துச்சு. பல்லடத்துப் பக்கம், கோழிப்பண்ண வெச்சிருந்தவிய. எல்லாம் பேசியாச்சு, சோறு வடிச்சாச்சு, எங்க முன்னால எல போட்டுத் தண்ணி தெளிச்சாச்சு. அப்ப யாரோ அந்தூட்டுக்காரருக்குப் போனப் போட்டுச் சித்தப்பா காதப் பத்திச் சொல்லிப்போட்டாங்க. உள்ளால கொஞ்ச நேரம் பேசுனாங்க. அப்பறம் ஒரு அம்மா வந்து, நாங்க உக்காந்திருக்க உக்காந்திருக்க, போட்ட எலைய மடிச்சு எடுத்துட்டுப் போயிருச்சு. கார்ல வர்றப்ப சித்தப்பா சன்னலுக்கு வெளியவே பாத்துட்டு வந்தாரு. எங்கம்மாதான் பேசுச்சு. ‘இனிமே எந்த எடத்துலயும் காதப் பத்தி மூச்சு உடக் கூடாது. சோறு உண்ட பொறவு தெரிஞ்சாத் தெரியட்டும்.’ சித்தப்பாவுக்கு அது புடிக்கலீன்னு தெரியும். ஆனா எங்கம்மா கிட்ட எதுத்துப் பேசற ஆளு எங்கூட்டுல இன்னும் பொறக்கல.

அதுக்கு ஒரு வருசம் கழிச்சுத்தான் தரகரு இந்த எடத்தக் கொண்டாந்தாரு. பவானிப் பக்கம் விவசாயக் குடும்பம். அம்மா இல்லாத பொண்ணு, அப்பா மட்டும். பொண்ணுக்கு முப்பத்திநாலு வயசு, கோயமுத்தூருல ஒரு மெஷின் கம்பெனில டிசைன் போடற வேல. போட்டோவக் காட்டுனாரு. கண்ணாடி போட்டுட்டு, இவன் எப்ப முடிப்பான்னு பாக்கறாப்புல ஒரு பார்வ. ‘சித்தப்பா, இது பொண்ணு போட்டோவா, பரிச்சைக்கு சூப்ரவைசரா’ன்னு கேட்டேன். அந்தம்மணி ஒரே ஒரு கண்டிசன் வெச்சிருந்துச்சு. ஊட்டுக்கு வந்து பாக்கக் கூடாது. எத்தனயோ பேரு வந்து பஜ்ஜி தின்னுட்டுச் சொல்லியனுப்பறோம்னு போயிட்டாங்க, இனி ஒரு மாவக் கரைக்க மாட்டேன், வெளிய ஒரு ஓட்டல்ல பாக்கலாம். அதுவே ஒரு ஓட்டலையும் சொல்லுச்சு. கம்பெனிக்கு வர்ற ஜப்பான்காரங்கள அங்கதான் கூட்டிட்டுப் போவாங்களாம்.

பொண்ணுக்கு அப்பா தரகர் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ‘அங்க என்ன கெடைக்கும்? பலகாரத்தோட நிக்கற மாதர எடந்தானுங்களே?’ தரகரு எங்கம்மாவக் கேட்டாரு. எங்கம்மா என்னையக் கேட்டுச்சு. ஊட்டுல போனு நோண்டறவன் நாந்தான, அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு. நான் அந்த ஓட்டல் பேரப் போட்டுப் பாத்தேன். படம் வந்துச்சு. பொரிச்ச கோழி, உருண்டையா ஒரு போண்டா, வேகவெச்ச முட்டை, கீரை, கத்திரிக்கா பொரியல். ஒண்ணொண்ணா கிண்ணத்துல வெச்சு எடுத்த படம். கீழ இங்கிலீசுல என்னமோ எழுதியிருந்துச்சு, அதப் படிச்சுட்டு இருந்தா நான் ஏன் தறி ஓட்டறேன். ‘கட்லெட்டுக் கடைம்மா. எல்லாம் டிபன்’னு சொல்லிட்டேன். ஜப்பான்ல சோறும் கொழம்பும் இருக்கும்னு நான் கனவா கண்டேன்.

அவினாசி ரோட்டுக்கு உள்ளால ஒரு சந்துல அந்தக் கட. ஒரு சனிக்கெழம மத்தியானம் போனோம். எங்கப்பா வந்தா வாயக் குடுத்துக் கெடுத்துபோடுவாருன்னு எங்கம்மா அவரக் குடோன்லயே உட்டுட்டு வந்துருச்சு. கார விட்டு எறங்கறப்பவே எனக்கு வேலையச் சொல்லிருச்சு. ‘நீ சித்தப்பாவுக்கு எடது பக்கம் உக்காரு. அவிய ஏதாச்சும் கேட்டு இவருக்குக் கேக்கலீன்னா மொழங்கால ஒரு இடி இடி. வேற வாயத் தொறக்காத.’ உள்ள பொண்ணுக்கு அப்பா, அந்தப் பெரியவரு, எங்களுக்கு முன்னாலயே வந்து உக்காந்திருந்தாரு. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, தோள்ல துண்டு. அந்தக் கலர் கலர் நாற்காலிக்கு நடுவால பாக்கறதுக்கு எலக்சன்ல நிக்கறவராட்ட இருந்தாரு. ‘வாங்க வாங்க. அம்மணிக்கு ஆபீசுல அரை நா வேல, வந்துருமுங்க’ன்னாரு.

பரிமாற வந்த அம்மணி வடக்க இருந்து வந்த புள்ள. தமிழ் அரையும் கொறையும். ஒரு அட்டையக் குடுத்துச்சு. மொதப் பக்கம் பூராவும் எழுத்து, அதத் தள்ளிட்டேன். அடுத்த பக்கத்துல நான் போன்ல பாத்த அதே படமெல்லாம் இருந்துச்சு. ‘பாருங்க, எல்லாம் டிபன்’னேன். எங்கம்மா போண்டாவத் தொட்டுச்சு. பெரியவரு கீரையத் தொட்டாரு. சித்தப்பா முட்டையத் தொட்டாரு, நான் கோழியத் தொட்டேன். அந்தப் புள்ள ஒவ்வொருத்தருக்கும், ‘ஒண்ணா, ரண்டா, அஞ்சு வரைக்கும் இருக்கு’ன்னு கேட்டுச்சு. எத்தன வேணும்னு கேக்குதுன்னு நெனச்சுட்டு, நான் பெரிய மனுசனாட்ட எல்லாருக்கும் ஒண்ணு போதும்னு சொன்னேன். அது காரத்தக் கேட்டிருக்குதுங்க. அது எனக்குப் பொறவுதான் தெரிஞ்சுது.

தட்டு வர்ற வரைக்கும் பெரியவரு பழமை பேசிட்டு இருந்தாரு. எத்தன தறி ஓடுது, மழ எப்பிடி, ரோடு எப்பிடின்னு. ஓட்டல்ல பாட்டு ஓடிட்டு இருந்துச்சு, உள்ளால மிக்சி ஓடிட்டு இருந்துச்சு. சித்தப்பாவுக்கு நல்ல காதும் தெணறுச்சு. நான் இடிப்பேன், அவரு ‘ஆமாங்க’ம்பாரு. ஒருக்கா, ‘உங்களுக்கு ஏதாச்சும் கெட்ட பழக்கம் இருக்குதுங்களா’ன்னு பெரியவரு கேட்டாரு. நான் இடிச்சேன். சித்தப்பா ‘ஆமாங்க’ன்னுட்டாரு. எங்கம்மா பாஞ்சு, ‘டீயச் சொல்றாருங்க, ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பாரு’ன்னு சமாளிச்சுது. நான் மேசைக்குக் கீழ குனிஞ்சு செருப்புத் தேடறாப்புல சிரிச்சு முடிச்சேன்.

அப்பத்தான் அந்த நாலு தட்டு வந்துச்சு. நாங்க கேட்டதெல்லாம் இருந்துச்சு. போண்டா இருந்துச்சு, கீரை இருந்துச்சு, முட்டை இருந்துச்சு, கோழி இருந்துச்சு. ஆனா எல்லாம் சோத்து மேல உக்காந்திருந்துச்சு. அந்தக் கடையில சோறும் கொழம்புந்தான் சாப்பாடாம், நாங்க தொட்டதெல்லாம் மேல வெக்கற தொட்டுக்கையாம். பெரியவரு ரொம்ப நேரம் தட்டப் பாத்துட்டு, மெதுவாச் சொன்னாரு. ‘இது சோறுங்களே.’ எங்கம்மா, ‘ஆமாங்க, சோறாட்டத்தான் இருக்குது’ன்னுச்சு. ‘பக்கத்துல இருக்கறது கொழம்புங்களா?’ ‘கொழம்புதானுங்க.’ இதுல நான் ஒரு வேல பண்ணிப்போட்டேன். அவிய பேசி முடிக்கறதுக்கு முன்னாலயே ஒரு கரண்டி அள்ளி வாய்ல போட்டுட்டேன். எங்கம்மா தொடையில கிள்ளுச்சு பாருங்க, அப்பத்தான் வெளங்குச்சு. முழுங்குனா சம்மந்தம் முடியுமோ, துப்புனா முறியுமோ, ஒண்ணும் தெரியாம ரண்டு கன்னமும் உப்பி உக்காந்திருந்தேன். பெரியவருதான் எரக்கப்பட்டு, ‘முழுங்கு சாமி, சின்னப் பசங்க தின்னா ஒண்ணும் ஆகாது’ன்னாரு. எனக்கு அன்னைக்கு இருவத்திநாலு வயசு.

அந்த நேரத்துல பொண்ணு வந்துச்சு. கழுத்துல கம்பெனி அட்டையக்கூடக் கழட்டல. எல்லாரையும் கும்புட்டுட்டு அப்பாவுக்குப் பக்கத்துல உக்காந்துச்சு. நாலு தட்டும் ஆவி பறக்க அப்பிடியே இருக்கறதப் பாத்துட்டு, ‘ஏனுங்கப்பா யாருமே சாப்புடல? நல்லா இல்லீங்களா?’ன்னு கேட்டுச்சு. பெரியவரு அது காதுக்கிட்டப் போயிச் சொன்னாரு. அது நெத்தியில கை வெச்சுக்கிச்சு. ‘ஓட்டல் சோத்துக்குமாங்கப்பா?’ ‘சோறுன்னா சோறுதான அம்மணி. ஓட்டல்னா என்ன, ஊடுன்னா என்ன.’ ‘நான் ரண்டு வருசமா இங்க ஜப்பான்காரங்களோட சாப்புடறேன். அப்ப எத்தன சம்மந்தம் ஆயிருக்கும்?’ பெரியவரு தோள்ல துண்டச் சரி பண்ணிக்கிட்டாரு. அந்தம்மணி சிரிக்கறதா கோவப்படறதான்னு தெரியாம எங்க சித்தப்பாவ ஒரு பார்வ பாத்துச்சு. அவரு தலையக் குனிஞ்சுட்டாரு.

இங்கதானுங்க எங்கம்மா தல வேல செஞ்சுது. பல்லடத்துல எலைய எடுத்தத அது மறக்கல. இப்ப எலையாட்ட ஒண்ணு தானா வந்து முன்னால உக்காந்திருக்குது, காதப் பத்தி எதுத்தாப்புல யாருக்கும் தெரியாது. நாலு வாய் உள்ள போனா முடிஞ்சுது. அது எவ்வளவு கொழைவாப் பேசுச்சுங்கறீங்க. ‘ஏனுங்க, வந்த சோத்த வேண்டாங்கறது நல்லாவா இருக்குது? எங்களுக்கு எல்லாம் புடிச்சிருக்குதுங்க. அம்மணியும் லட்சணமா இருக்குது. இது தானா அமைஞ்சாப்புல இருக்குது. ஆறிப்போகுதுங்க, சாப்புடலாங்களா?’ பெரியவரு மகளப் பாத்தாரு. அது கொஞ்ச நேரம் ரோசன பண்ணிட்டு, சரின்னும் சொல்லாம வேண்டாம்னும் சொல்லாம தோளக் குலுக்குச்சு. பெரியவரு துண்ட எடுத்து மடில போட்டுட்டு, கரண்டியக் கையில எடுத்தாரு. எங்கம்மா எடுத்துச்சு. அந்தக் கரண்டி சோத்துக்கு ஒரு வெரக்கட மேலதான் இருந்துச்சு.

‘சாப்புடாதீங்க.’

சித்தப்பாதான். குடோன்ல பேசற கொரல்ல சொல்லிட்டாரு. ஓட்டலே திரும்பிப் பாத்துச்சு. தட்ட ரண்டு கையாலயும் புடிச்சுத் தள்ளி வெச்சாரு. ‘கோவிச்சுக்காதீங்க அண்ணி’ன்னு எங்கம்மாவப் பாத்துச் சொன்னாரு. அப்பறம் பெரியவரப் பாத்து, ‘எனக்கு எடது காது கேக்காதுங்க. சுத்தமாக் கேக்காது. தறிச் சத்தத்துல போனது, இனி வராது. இதச் சொல்லாம இந்தச் சோத்த நீங்க தின்னுபோட்டீங்கன்னா, நாளைக்குத் தெரியறப்ப வாயத் தொறக்க வழி இல்லாமப் போயிரும். அதான் இப்பவே சொல்றேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போறதுன்னாலும் போங்க, ஒண்ணும் நெனைக்க மாட்டோம்’னாரு. அவரு வாழ்க்கையில அத்தன வார்த்த ஒண்ணாப் பேசி நான் கேட்டதில்ல. எங்கம்மா கரண்டியக் கீழ வெச்சுட்டு முந்தானைய வாய்ல வெச்சுக்கிச்சு. இத்தன வருசமா சோத்துக்குக் காத்திருந்தவரு, கைக்கெட்டுன தட்ட அவரே தள்ளி வெச்சுட்டாரு.

பொண்ணுதான் கேட்டுச்சு. கோவமா இல்ல, மெஷின்ல ஒரு பாகம் எப்பிடி ஓடுதுன்னு கேக்கறாப்புல கேட்டுச்சு. ‘அப்ப அந்தப் பக்கம் நின்னு யாராச்சும் பேசுனா உங்களுக்கு எப்பிடித் தெரியும்?’ சித்தப்பா சொன்னாரு. ‘எதுத்தாப்புல நிக்கறவிய மூஞ்சியப் பாப்பேனுங்க. அதுல தெரிஞ்சுரும். இவன் இருக்கறானுங்களே, என்ர அண்ணம் பையன், இவன் குடோன்ல என்ர எடது பக்கமா வந்து நின்னு ஏதாச்சும் சொல்லுவான். எனக்குக் கேக்காது. எதுக்க நிக்கற பசங்க என்னையப் பாத்துச் சிரிப்பாங்க. சரி, நம்மளத்தான் சொல்லியிருக்கறான்னு தெரிஞ்சுக்குவேன். நானும் சிரிச்சுக்குவேன். அப்பிடி ஓடுதுங்க, ஒண்ணும் கஷ்டமில்ல.’

குத்தமாச் சொல்லலீங்க அவரு. அதான் வெசயம். மழ வர்றத மேகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன்னு சொல்றாப்புல சொன்னாரு. நிசந்தான். நான் அப்பிடித்தான் பண்ணுவேன். குடோனுக்கு வந்த நாள்ல இருந்து பண்ணிட்டு இருந்தேன். அவரு தறியில குறுக்கு நூலக் கொண்டுட்டு ஓடற நாடாவ மாத்திட்டு இருப்பாரு, நான் நைசா எடது பக்கமாப் போயி, இழை அறுந்து தறி நிக்கற நேரமாப் பாத்து, பசங்களுக்குக் கேக்கறாப்புல ஒண்ண எடுத்து உடுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவரும் திரும்பிச் சிரிப்பாரு. பாவம், எதுக்குச் சிரிக்கறோம்னே தெரியாமச் சிரிக்கறாருன்னு நெனச்சுட்டு நான் இன்னும் சிரிப்பேன். அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதுங்க. நான் தட்டுல இருந்த கோழித் துண்டக் கரண்டில அப்பிடியும் இப்பிடியும் நகத்திட்டு இருந்தேன்.

அந்தம்மணி அதோட உடல. கண்ணாடிய நேராப் பண்ணிட்டு என்னையப் பாத்துச்சு. ‘என்ன சொல்லுவ?’ நான் எங்கம்மாவப் பாத்தேன். எங்கம்மா என்னையப் பாக்கல. ‘சும்மா, வெளையாட்டுக்குங்க’ன்னேன். ‘அதான் என்னன்னு கேக்கறேன்.’ அப்ப சித்தப்பா நாற்காலியோட திரும்பி, நல்ல காத என்ர பக்கம் காட்டுனாரு. ‘சொல்லு கண்ணு. எனக்கும் தெரியோணும்ல’னாரு.

நான் சொன்னேனுங்க. வேற வழி இல்ல. ‘எங்க சித்தப்பன் பொண்ணு பாக்கப் போன ஊட்டுல எல்லாம் தின்ன பஜ்ஜிக்கு உரிச்ச வாழக்காத் தோலச் சேத்து வெச்சிருந்தா, நம்மூட்டு மாடு ரண்டு ஈத்து ஈண்டிருக்கும்.’ சித்தப்பா ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு. பசங்க மூஞ்சியப் பாத்துச் சிரிக்கற சிரிப்பு இல்லீங்க. அந்தச் சிரிப்ப நான் அதுக்கு முன்னால கேட்டதே இல்ல. வயித்துல இருந்து வந்துச்சு. ‘அப்பறம்?’னாரு. இனியொண்ணு இருந்துச்சு. அத நான் தரையப் பாத்துட்டு முணுமுணுத்தேன். ‘சத்தமாச் சொல்லு’ன்னாரு. ‘இந்தக் காதுல கெட்டிமேளம் அடிச்சாலும் கேக்காது, அதனாலதான் மேளக்காரன் இந்தப் பக்கமே வர்றதில்ல.’ யாரும் சிரிக்கல. அந்தப் பரிமாறற புள்ளகூட ஒதுங்கி நின்னுச்சு. சித்தப்பா ரொம்ப நேரம் ரோசன பண்ணாரு. அப்பறம் தலைய ஆட்டுனாரு. ‘இது நல்லா இல்ல. முன்னது நல்லா இருந்துச்சு.’

அந்தம்மணி சிரிச்சுருச்சு. அடக்கிப் பாத்துச்சு, முடியல. கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடச்சுட்டு, கையத் தூக்கி அந்தப் புள்ளயக் கூப்புட்டு, இங்கிலீசுல கடகடன்னு என்னமோ சொல்லுச்சு. என்ன சொன்னீங்கன்னு எங்கம்மா பயந்து போயிக் கேட்டுச்சு. ‘எனக்கும் ஒரு தட்டுச் சொன்னேனுங்க. முட்டை வெச்சு. காரம் அஞ்சு’ன்னுச்சு.

சொல்லி முடிக்கல, பெரியவரு நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டாரு. மடில இருந்த துண்ட எடுத்து ஒதறித் தோள்ல போட்டாரு. எங்கம்மாவும் எந்திரிச்சுருச்சு. எனக்குப் பல்லடத்து ஊடு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. பொண்ணு ‘அப்பா’ன்னுச்சு. அவரு திரும்பல. நேரா அந்தப் பரிமாறற புள்ளகிட்டப் போயி, ‘ஏன் கண்ணு, கை கழுவற எடம் எங்க இருக்குது?’ன்னு கேட்டாரு. அது கரண்டியக் காட்டுச்சு. ‘கரண்டில அள்ளித் தின்னா எனக்குத் தின்னாப்புலயே இருக்காது அம்மணி’ன்னாரு. போயிக் கைய நல்லாக் கழுவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து உக்காந்தாரு. நேர்கோடாட்ட இருந்த சோத்தையும் கொழம்பையும் ஒண்ணாப் பெசஞ்சாரு. கீரைய அதுக்கு மேல இழுத்து வெச்சாரு. மொத வாய் தின்னுட்டுக் கண்ண மூடி மென்னாரு. நாங்க நாலு பேரும் அவரு தாடையையே பாத்துட்டு இருந்தோம். ‘சுத்தமா ஆறிப்போச்சு. காரம் இல்ல, இனிப்பா இருக்குது. மஞ்ச பத்தல’ன்னாரு. அடுத்த வாய் எடுத்துட்டு, ‘கல்யாணத்துக்கு அப்பறம் நம்ம காட்டு மஞ்ச ஒரு மூட்டை இவியளுக்குக் குடுத்தனுப்போணும்’னாரு. எங்கம்மா அழுதுட்டே போண்டாவத் தின்னுச்சு. சித்தப்பா தட்ட இழுத்து, முட்டைய ரண்டாப் பொளந்து, அப்பவும் சாப்புடாம உக்காந்திருந்தாரு. அந்தம்மணிக்குத் தட்டு வந்த பொறவுதான் கைய வெச்சாரு.

இப்ப அவியளுக்குக் கல்யாணம் ஆயி மூணு வருசம் ஆச்சுங்க. சித்தி சொல்லிச் சொல்லி அந்தப் பழைய தறி ரண்டையும் செவுத்தோரத்துல இருந்து தள்ளிப் போட்டாச்சு. மாசம் ஒருக்கா ரண்டு பேரும் பஸ் ஏறிப் போயி அந்த ஓட்டல்ல தின்னுட்டு வாராங்க, என்னையும் கூப்புடறாங்க. போனா சித்தி முன்னாலயே, சித்தப்பாவுக்கு நல்லாக் கேக்கறாப்புல ரண்டு உடுவேன். நிறுத்தீட்டேன்னு நெனச்சுபோடாதீங்க, என்ர பொறப்பு அப்பிடி. ஆனா குடோன்ல ஒண்ணு மாறிப்போச்சு. நான் ஏதாச்சும் சொல்லிப் பசங்க சிரிக்கறப்ப, என்னையறியாம அவங்க மூஞ்சியப் பாத்துர்றேன். வாயத் தொறந்து, பல்லக் காட்டி, கண்ணு சித்தப்பா மேலயே இருக்க, சத்தமே இல்லாமச் சிரிக்கற மாதர ஒரு நிமிசம் தெரியுது. ஒம்போது வருசமா நான் அவருக்குக் காட்டிட்டு இருந்தது அந்த மூஞ்சிகளத்தானுங்க.